முழுத்திரைக்குப் போன 41,500 ரூபாவும் ஒரு அக்காவின் அரைப்பேரும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் காரியாலயத்தில் செக்ரோல் (தொழிலாளரின் வருகை, சம்பளப் பதிவேடு) வேலை பார்க்கிறேன். சம்பளக் கணக்கு போடும் சொப்ட்வெயார் எங்கள் ஆபீஸில் இல்லை. கொழும்பில் தலைமைக் காரியாலயத்துக் கணினியில் இருக்கிறது. இங்கிருந்து ரிமோட் டெஸ்க்டொப் வழியாக அதற்குள் போய்த்தான் பதிய வேண்டும். பழைய லெப்டொப் பழுதாகிப் புதியது வந்த நாளிலிருந்து மூன்று வாரம், அந்தத் தொலைவுத் திரை ஒழுங்காக முழுத்திரையில் நிற்க மறுத்தது. அந்த மூன்று வாரத்தில் ஹட்டனுக்கு இரண்டு தரம் போய் வந்தேன், தேவையில்லாத ஒரு மொனிட்டருக்கு 41,500 ரூபா கொடுத்தேன். அதைவிட மனதை அறுத்தது வேறு ஒன்று, அதையும் சொல்கிறேன். சரிசெய்ய வேண்டியிருந்தவை எல்லாம் காசு செலவில்லாத செட்டிங்குகள். யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்.

முதல் நாள் நடந்தது இது. பழைய லெப்டொப்பில் இருந்த இணைப்பு பைலை அப்படியே பென் டிரைவில் எடுத்துப் புதியதில் போட்டு டபுள் கிளிக் செய்தேன். கொழும்புக் கணினி திறந்தது. பெரிதாக்கும் பட்டனை அழுத்தினால், நடுவில் ஒரு சின்னத் திரை, சுற்றிவர நான்கு பக்கமும் கறுப்பு. லைன் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். தென்மேல் பருவமழைக் காலம், மூட்டம் இறங்கினால் எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். ஆனால் லைன் மோசமானால் திரை உறைந்து நிற்கும், அசைவு பிந்தும், இல்லாவிட்டால் இணைப்பே அறுந்துபோகும். திரையின் அளவு மாறாது. கறுப்பு விளிம்பு வந்தால் அது அளவுப் பிரச்சினை. பழைய லெப்டொப்பின் திரை 1366க்கு 768 புள்ளி, புதியது 1920க்கு 1080. பைலுக்குள் பழைய அளவு எழுதப்பட்டிருந்தது. அதனால் இடமும் வலமும் 277 புள்ளி, மேலும் கீழும் 156 புள்ளி வெறும் கறுப்பாக நின்றது.

இதைத் திருத்தும் வழி: விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம், எஸ், டி, எஸ், சி (mstsc) என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். இணைப்புப் பெட்டியின் கீழே 'ஷோ ஆப்ஷன்ஸ்' இருக்கும், அதை விரியுங்கள். 'ஜெனரல்' பக்கத்தில் 'ஓப்பன்' கொடுத்து உங்கள் பைலைத் திறந்துவிட்டு, 'டிஸ்ப்ளே' பக்கத்துக்குப் போய், அங்குள்ள தள்ளுகட்டையை வலது கோடி வரை இழுத்தால் 'ஃபுல் ஸ்கிரீன்' என்று காட்டும். அதோடு நிறுத்திவிட்டு 'கனெக்ட்' அழுத்தினால் அந்த ஒரு தடவைக்குத்தான் சரியாகும். மறுபடி 'ஜெனரல்' பக்கத்துக்கு வந்து 'சேவ்' அழுத்த வேண்டும். நான் இரண்டு நாளாக ஒவ்வொரு காலையும் தள்ளுகட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன், சேமிக்காததால் டெஸ்க்டொப்பில் இருந்த பைல் பழைய அளவோடேயே திறந்துகொண்டிருந்தது. பைலின் உள்ளே பார்க்க வேண்டுமானால் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறக்கலாம், எல்லாம் சாதாரண எழுத்துதான். 'ஸ்கிரீன் மோட் ஐடி' என்ற வரியின் கடைசியில் 1 இருந்தால் ஜன்னல், 2 இருந்தால் முழுத்திரை. அகலமும் உயரமும் 'டெஸ்க்டொப்விட்த்', 'டெஸ்க்டொப்ஹைட்' என்ற இரண்டு வரிகளில் இருக்கும். பைல் எதுவும் திறக்காமல் நேரே இணைப்பவர்களுக்கு, டொக்கியுமென்ட்ஸ் போல்டரில் 'டிஃபோல்ட்' என்ற பெயரில் ஒரு மறைந்த பைல் இருக்கும். செட்டிங் ஒன்றுக்கும் அடங்காமல் போனால் அதை அழித்துவிடுங்கள், அடுத்த முறை புதிதாகத் தானே உருவாகும்.

கறுப்பு விளிம்பு போனது. அடுத்த தலைவலி, எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது. காரணம் கொழும்பில் இருந்த கணினி அப்போது விண்டோஸ் 7. என் லெப்டொப் தன் எழுத்தை 125 சதவீதத்துக்குப் பெருப்பித்துக் காட்டும் திரை. விண்டோஸ் 8.1 முதல் வந்த கணினிகள் அந்தப் பெருப்பிப்பையும் கேட்டறிந்து அதற்கேற்றபடி தொலைவுத் திரையை அமைக்கும். விண்டோஸ் 7க்கு அது தெரியாது. 1920 புள்ளியும் கிடைத்தது என்றால் அத்தனையிலும் பழைய சின்ன எழுத்தையே பரப்பிவிடும். இணைந்திருக்கும்போது ஜன்னலை இழுத்துச் சின்னதாக்கினால் தொலைவுத் திரையும் தானாக அளவு மாறும் வசதியும் 8.1க்குப் பிறகுதான். விண்டோஸ் 7இல் இணையும் அந்தக் கணத்தில் எந்த அளவோ, அறுக்கும் வரை அதே அளவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் செட்டிங்குகளோடு மல்லுக்கட்டி இரண்டு இரவு போனது. ஆகவே முதலில் நீங்கள் இணையும் தொலைவுக் கணினி எந்த விண்டோஸ் என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

இப்போது நான் செய்த பெரிய பிழை. கொழுந்து மடுவத்தில் நிறுத்த கணக்கு, கையால் எழுதிய தாளின் போட்டோவாக எனக்கு வரும். ஒரு பக்கம் அந்தப் போட்டோ, மறுபக்கம் கொழும்புத் திரை என்று அருகருகே வைத்துப் பதிந்தால் வேகமாக முடியும். அதற்காக இணைப்பு ஜன்னலின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'ஸ்மார்ட் சைஸிங்' போட்டேன். 1920 புள்ளி அகலமான திரை முழுவதும் சுருங்கி அரைவாசித் திரைக்குள் வந்து உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் 'ஸ்மார்ட் சைஸிங்' செய்வது படத்தைச் சுருக்குவது மட்டும், எழுத்தைத் திரும்ப வரைவதில்லை. இரண்டு புள்ளியை ஒன்றாக நசுக்கும்போது 8இன் இடதுபக்க வளைவு மங்கி அது 3 மாதிரி நிற்கும். அதோடு லைனுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று 'எக்ஸ்பீரியன்ஸ்' பக்கத்தில் குறைந்த வேகத்தைத் தெரிவுசெய்திருந்தேன். அப்படிச் செய்தால் 'ஃபொன்ட் ஸ்மூதிங்' என்ற எழுத்தை மழமழப்பாக்கும் வசதியும் தானாக அணைந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் திரையில் 3, 8, 6 எல்லாம் ஒரே குடும்பம்.

எங்கள் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பத்தாம் திகதி சம்பளம் கொடுத்து அரை மணித்தியாலம் போகவில்லை, ஒரு அக்கா சம்பளச் சீட்டோடு ஜன்னலுக்கு வந்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை எனக்கு அரைப்பேர் விழுந்திருக்கு. அன்னைக்கு நான் பதினெட்டு எடுத்தேன், கங்காணியைக் கேளுங்க" என்றார். சத்தம் போடவில்லை, சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாளைப் பார்த்தேன், 18. சொப்ட்வெயாரில் 13. கைதவறி 3ஐ அடித்திருக்கிறேன். அடித்த பிறகு திரையைப் பார்த்துச் சரிபிழை பார்க்கும்போது அந்த நசுங்கிய திரையில் 13 எனக்கு 18 ஆகவே தெரிந்திருக்கிறது. அன்றிரவு அந்த மாதத்துத் தாள்கள் அத்தனையையும் எடுத்து முழு அளவுத் திரையில் திரும்பப் பார்த்தேன். இன்னும் நான்கு இடத்தில் பிழை. பெரிய கிளாக்கர் ஐயாவிடம் சொல்லி ஐந்து பேருக்கும் அடுத்த சம்பளத்தோடு பாக்கியைச் சேர்த்துக் கொடுத்தோம். ஆனால் ஒரு மாதம் அவர்களின் காசு நின்றது நின்றதுதான். எண் பதியும் வேலைக்கு 'ஸ்மார்ட் சைஸிங்' வேண்டவே வேண்டாம். படம் பார்க்க, ஏதாவது ஓடுகிறதா என்று கண்காணிக்கச் சரி. செக்ரோல், வங்கி, மருந்துக் கணக்கு என்று எண் உள்ள எதற்கும் அதை எடுத்துவிடுங்கள், லைன் எவ்வளவு மோசமானாலும் 'ஃபொன்ட் ஸ்மூதிங்' முன்னால் சரி அடையாளம் போட்டு வையுங்கள். டேட்டாவைக் குறைக்க வேண்டுமானால் அதே பக்கத்தில் பின்னணிப் படத்தையும் அசைவுகளையும் அணைக்கலாம்.

அந்தப் பதற்றத்தில்தான் ஹட்டனுக்குப் போய் 22 அங்குல மொனிட்டர் வாங்கினேன். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, எழுத்துச் சின்னதாக இருக்கிறது என்றேன், பெரிய திரை கொடுத்தார். எழுத்து கொஞ்சம் பெரிதானது உண்மை. ஆனால் அதுவும் அதே 1920க்கு 1080 தான், பிரச்சினையின் வேர் அப்படியே இருந்தது. காசு கொடுக்கும் முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய வழி இது. இணைப்பு பைலில் அகலத்தை 1536, உயரத்தை 864 என்று மாற்றி, 'ஸ்கிரீன் மோட் ஐடி'யை 1 ஆக்கிச் சேமித்து இணையுங்கள். ஜன்னலாகத் திறக்கும். இடது மேல் மூலையில் உள்ள சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் 'ஸூம்' இருக்கும், அதில் 125 தெரிவுசெய்து ஜன்னலைப் பெரிதாக்குங்கள். 1536ஐ ஒன்றேகாலால் பெருக்கினால் 1920, 864ஐப் பெருக்கினால் 1080. கணக்கு மிச்சமில்லாமல் பொருந்துவதால் கறுப்பு விளிம்பு இராது. 1280க்கு 720 வைத்து 150 சதவீதம் போட்டாலும் கணக்கு பொருந்தும், எழுத்து இன்னும் பெரிதாகும். ஆனால் எங்கள் சம்பள சொப்ட்வெயாரின் பெட்டி 720 உயரத்துக்குள் அடங்கவில்லை. கீழே இருக்கும் 'சேவ்' பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது, வலது ஓரத்தில் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதப் பத்தி மறைந்துவிட்டது. பழைய சொப்ட்வெயார்கள் பல 768 உயரத்தை நினைத்துச் செய்தவை. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

அப்படிப் பட்டன் மறைந்து மாட்டிக்கொண்டால் ஒரு கைவழி இருக்கிறது. முழுத்திரையில் இருக்கும்போது ஆல்ட் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி, பிறகு எம் அழுத்தினால், அம்புக் கீகளால் அந்தப் பெட்டியை மேலே தள்ளலாம். ஜன்னலாக இருக்கும்போது ஆல்ட் ஸ்பேஸ் உங்கள் லெப்டொப்புக்கே போய்விடும், அப்போது ஆல்ட் கீயோடு டிலீட் அழுத்துங்கள், அதுதான் தொலைவுக் கணினிக்குப் போகும். 'லோக்கல் ரிஸோர்சஸ்' பக்கத்தில் விண்டோஸ் கீச் சேர்க்கைகள் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று கேட்கும். அது பெரும்பாலும் 'முழுத்திரையில் மட்டும்' என்று இருக்கும். முழுத்திரையில் ஒரு கீ வேலை செய்து ஜன்னலில் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

முழுத்திரையிலிருந்து வெளியே வருவதிலும் பலர் தவிக்கிறார்கள். கன்ட்ரோல், ஆல்ட், பிரேக் மூன்றும் சேர்ந்தால் முழுத்திரைக்கும் ஜன்னலுக்கும் மாறிக்கொள்ளும். இப்போதைய லெப்டொப்புகளில் பிரேக் கீயே இல்லை. பல டெல், லெனோவோ லெப்டொப்புகளில் எஃப்என் கீயோடு பி (B) அழுத்துவது பிரேக்குக்குச் சமம், ஆகவே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்என், பி என்று நான்கையும் பிடிக்க வேண்டும். மேலே வரும் இணைப்புப் பட்டை சொப்ட்வெயாரின் மெனுவை மறைத்தால், அதில் உள்ள ஊசிப் படத்தைக் கிளிக் செய்து விடுவித்தால் தானாக மேலே ஒளிந்துகொள்ளும். பட்டையைப் பிடித்து இடம் வலமாக நகர்த்தவும் முடியும். பட்டை வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், ஹோம். தொலைவுக் கணினிக்குக் கன்ட்ரோல் ஆல்ட் டிலீட் அனுப்ப வேண்டுமானால் டிலீட்டுக்குப் பதில் என்ட்.

சில நாளில் கொழும்பில் கணினியை மாற்றி விண்டோஸ் 10 ப்ரோ போட்டார்கள். அத்தோடு 1536 கணக்கெல்லாம் தேவையில்லாமல் போனது. தள்ளுகட்டையை முழுத்திரைக்குத் தள்ளி, அகலம் உயரத்தைத் தொடாமல் விட்டால் எழுத்தும் அளவும் தானே பொருந்தும். ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது. பெரிய கிளாக்கர் ஐயாவின் கணினியில் காலையில் திறந்த கணக்கை நான் பின்னேரம் என் லெப்டொப்பில் தொடர்ந்தால், சில பெட்டி பெரிதாக, சில பெட்டி மங்கலாக, எழுத்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். திருத்தலாம் என்று தொலைவுக் கணினியின் டிஸ்ப்ளே செட்டிங்குக்குப் போனால், தொலைவிலிருந்து இதை மாற்ற முடியாது என்று செய்தி வரும். விஷயம் என்னவென்றால், எழுத்தின் பெருப்பிப்பு உள்நுழையும் நேரத்தில் தீர்மானமாகிறது. மேலே உள்ள எக்ஸ் அடையாளத்தை அழுத்தினால் இணைப்பு அறும், ஆனால் உள்ளே திறந்தவை எல்லாம் பழைய பெருப்பிப்போடு காத்துக்கொண்டிருக்கும். வேறு திரையிலிருந்து வரும்போது பொருந்தாது. தொலைவுக் கணினியின் ஸ்டார்ட் மெனுவில் 'சைன் அவுட்' கொடுத்து முற்றாக வெளியேறி, திரும்ப உள்நுழைந்தால் சரி.

அதே எக்ஸ், எங்களைப் போல மின்சாரம் நின்று நின்று வரும் ஊருக்கு வரப்பிரசாதம் என்பதையும் சொல்ல வேண்டும். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் கொழும்பில் பதிந்துகொண்டிருந்த பக்கம் திறந்தபடியே இருக்கும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே வேலை நடுவே எக்ஸ், திரையை மாற்றும்போதும் நாள் முடிவிலும் 'சைன் அவுட்'. ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவைத்தால் இன்னும் நல்லது. நான் மொனிட்டருக்குக் கொடுத்த காசை அதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மொனிட்டர் இருக்கிறதே என்று இரண்டு திரையிலும் வேலை செய்யப் போனேன். 'டிஸ்ப்ளே' பக்கத்தில் 'யூஸ் ஓல் மை மொனிட்டர்ஸ்' என்று போட்டால் தொலைவுத் திரை இரண்டிலும் பரவும், தாளின் போட்டோவை வைக்க இடமில்லாமல் போகும். எனக்கு வேண்டியது ஒரு திரையில் கொழும்பு, மற்றதில் போட்டோ. அதற்கு இரண்டு வழி. எளியது, அந்தப் பெட்டியில் சரி போடாமல் ஜன்னலாகத் திறந்து, வேண்டிய மொனிட்டருக்கு இழுத்து, அங்கே வைத்துப் பெரிதாக்குவது. நிரந்தரமாக வேண்டுமானால் அந்தப் பெட்டியில் சரி போட்டுச் சேமித்து, பைலில் 'செலெக்டட்மொனிட்டர்ஸ்' என்ற வரியில் எந்த மொனிட்டர் என்று எண் கொடுக்கலாம், அந்த எண்ணை அறிய அந்த ஐந்தெழுத்துக் கட்டளைக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடும் எல் எழுத்தும் சேர்த்து (mstsc /l) ஓடவிட வேண்டும். மொனிட்டரைக் கழற்றி மாட்டினால் எண் மாறக்கூடும் என்பதால் நான் எளிய வழியோடேயே இருக்கிறேன்.

மொனிட்டரைக் கழற்றிய மறுநாள் இணைப்பு ஜன்னலையே காணோம். கீழே டாஸ்க்பாரில் படம் இருக்கிறது, திரையில் ஒன்றும் இல்லை. இல்லாத மொனிட்டரின் இடத்தில் போய்த் திறந்திருக்கிறது. ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி டாஸ்க்பார் படத்தில் ரைட் கிளிக் செய்து 'மூவ்' எடுத்து அம்புக் கீயைத் தட்டினால் ஜன்னல் உள்ளே வரும். மறுபடி வராமல் இருக்க, பைலில் 'வின்பொஸ்எஸ்டிஆர்' என்று தொடங்கும் வரியை அழித்துச் சேமியுங்கள், ஜன்னல் நின்ற இடத்தை அதுதான் நினைவில் வைத்திருக்கிறது.

வீட்டில் டிவியை மொனிட்டராக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், தொலைவு இணைப்பைத் திறக்காமல் லெப்டொப்பின் சொந்த டெஸ்க்டொப்பை டிவியில் பாருங்கள். அங்கேயும் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டால் பிழை டிவியில். டிவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.

அந்த 41,500 ரூபா மொனிட்டர் கடைசியில் பெக்டரிக்குப் போனது. அங்கே மூலையில் ஒரு கணினி மொனிட்டர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு எனிடெஸ்க் வழியாகப் போவோம். ரிமோட் டெஸ்க்டொப் தனக்கென்று ஒரு திரையைப் புதிதாக அமைக்கும். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை அங்கே உள்ள உண்மைத் திரையைப் பிரதி எடுத்துக் காட்டுபவை. மொனிட்டர் மாட்டாத கணினி 1024க்கு 768 போன்ற சின்ன அளவுக்கு இறங்கிவிடும், சில நேரம் கறுப்பாகவே நிற்கும். இந்தப் பக்கம் என்ன செட்டிங் மாற்றினாலும் அதைப் பெரிதாக்க முடியாது, இழுத்து மங்கலாக்கத்தான் முடியும். மொனிட்டரை மாட்டியதும் 1920க்கு 1080 தானாக வந்தது. இதற்கும் மொனிட்டர் தேவையில்லை, எச்டிஎம்ஐ துளையில் செருகும் விரல் நுனியளவு டம்மி பிளக் ஒன்று போதும், மொனிட்டர் இருப்பதாகக் கணினியை நம்பவைத்துவிடும். அங்கே லெப்டொப் வைத்திருப்பவர்கள், மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று பவர் ஆப்ஷனில் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது செக்ரோல் பதியும் முன் நான் ஒரு பரிசோதனை செய்கிறேன். தொலைவுக் கணினியில் நோட்பேட் திறந்து 3 8 6 0 5 என்று அடித்து, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிறேன். ஐந்தும் தயக்கமில்லாமல் தெரிந்தால்தான் முதல் ஆளின் கிலோவைப் பதிகிறேன்.